ஆர் மொழியில் முதல் டாஷ்போர்டு: பெங்களூருவிலிருந்து ஒரு வழிகாட்டி

புள்ளிவிவரக் கணக்கீட்டுக்கான நிரல் மொழியாகிய ஆரில் வரைபடம் வரையச் சொல்லித்தரும் பாடங்கள் இணையத்தில் வேண்டிய அளவு கிடைக்கின்றன. வரைந்ததை வேறொருவர் தம் கைப்பேசியில் திறந்து, மாதத்தை மாற்றிப் பார்த்து, அடுத்த வாரமும் அதே முகவரியில் புதிய எண்களோடு காணும்படி செய்ய என்னென்ன வேண்டும் என்பதை ஒரே இடத்தில் சொன்னவர்களைத்தான் காணவில்லை. துண்டு துண்டாகத் தேடிச் சேர்த்ததை இங்கே வரிசைப்படுத்தித் தருகிறேன். நிரல் எழுதிப் பழக்கமில்லாதவரும், எக்செலில் கணக்கு வைத்துப் பழகியிருந்தால் இதைப் பின்பற்றலாம்.

எடுத்துக்காட்டு முழுவதும் ஒன்றே. பெங்களூருவில் காவிரிக் குழாய் நீர் போதாமல் டேங்கரை நம்பியிருக்கும் அடுக்குமாடிக் குடியிருப்புகள் நிறைய உண்டு. அப்படிப்பட்ட எங்கள் குடியிருப்பின் டேங்கர் கணக்கை, சங்கத்தின் செயலாளரும் குடியிருப்போரும் பார்க்கும் டாஷ்போர்டாக, அதாவது முக்கிய எண்களையும் வரைபடங்களையும் ஒரே பக்கத்தில் காட்டும் திரையாக, மாற்றும் வேலைதான் அது. தேதி, விற்பனையாளர், லிட்டர், ரூபாய், பெற்றுக்கொண்டவர் என்று ஐந்தே நெடுவரிசைகள். உங்கள் தரவு கடை விற்பனையாகவோ மாணவர் வருகைப் பதிவாகவோ இருக்கலாம். தடுக்கி விழும் இடங்கள் பெரும்பாலும் இவையேதான்.

1. யார், எதைப் பார்க்கப் போகிறார்கள் என்பதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்

மென்பொருளைத் தரவிறக்கும் முன் மூன்று கேள்விகளுக்கு விடை எழுதிவிடுங்கள். தரவு எவ்வளவு நாளுக்கு ஒருமுறை மாறும்? பார்ப்பவர் தாமே எதையாவது தேர்ந்தெடுத்துப் புதிய கணக்கீட்டைக் கேட்பாரா, அல்லது போட்டு வைத்ததைப் பார்த்தால் போதுமா? ஊரில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாமா?

இந்த விடைகள்தான் கருவியைத் தீர்மானிக்கின்றன. ஆர் மொழியில் இன்று இரண்டு பெரிய வழிகள் உள்ளன. முதலாவது குவார்ட்டோ: ஆர் உங்கள் கணினியிலேயே ஒருமுறை ஓடி, முடிந்துபோன ஒரு எச்டிஎம்எல் பக்கத்தை உருவாக்கித் தரும், அதன் பின் அந்தப் பக்கத்துக்கு ஆர் தேவையில்லை. இரண்டாவது ஷைனி: ஒவ்வொரு முறை பார்ப்பவர் எதையாவது அழுத்தும்போதும் எங்கோ ஒரு சர்வரில் ஆர் ஓடிக் கணக்கிட்டு விடையை அனுப்பும். வாரம் ஒருமுறை மாறும் தரவுக்கும், நாற்பது ஐம்பது பேர் பார்க்கும் கணக்குக்கும் முதல் வழியே போதும் என்பது என் உறுதியான கருத்து. ஷைனியின் செய்முறைக் காட்சிகளைப் பார்த்து மயங்கி நேரே அதில் குதிப்பவர்களின் நேரம் பெரும்பாலும் சர்வரோடு போராடுவதிலேயே கழிந்துவிடுகிறது.

எந்த எண்ணைக் காட்டுவது என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள். 2024 மார்ச்சில், தண்ணீர்த் தட்டுப்பாடு கடுமையாக இருந்தபோது, பெங்களூரு நகர மாவட்ட நிர்வாகம் டேங்கர் கட்டணங்களுக்கு வரம்பு விதித்தது. 5 கிலோமீட்டருக்குள் 6,000 லிட்டருக்கு 600 ரூபாய், 8,000 லிட்டருக்கு 700 ரூபாய், 12,000 லிட்டருக்கு 1,000 ரூபாய், ஜிஎஸ்டி தனி. இதை ஆயிரம் லிட்டருக்கு என்று மாற்றினால் முறையே 100, 87.50, ஏறத்தாழ 83 ரூபாய் வருகிறது. ஆகவே ‘ஒரு டேங்கரின் சராசரி விலை’ என்ற எண்ணைப் போட்டால், சிறிய வண்டிகள் அதிகம் வந்த மாதம் மலிவானதாகத் தோன்றும். உண்மையில் அந்த மாதத்தில்தான் தண்ணீருக்கு அதிகம் கொடுத்திருப்போம். ஆயிரம் லிட்டருக்கான விலைதான் இங்கே சரியான அளவு. இத்தகைய முடிவை எந்த பேக்கேஜும் (ஆரோடு சேர்த்துக்கொள்ளும் கூடுதல் நிரல் தொகுப்பு) உங்களுக்காக எடுத்துத் தராது.

2. கையில் இருக்க வேண்டிய ஆவணங்களும் பணமும்

8 ஜிபி நினைவகம் உள்ள மடிக்கணினி போதும். 4 ஜிபியிலும் ஓடும், ஆனால் உலாவியில் பத்துப் பக்கங்களைத் திறந்து வைத்துக்கொண்டு ஓட்ட முடியாது. அலுவலக மடிக்கணினியைப் பயன்படுத்த எண்ணினால், மென்பொருள் நிறுவும் உரிமை உங்களுக்கு உண்டா என்று தகவல் தொழில்நுட்பப் பிரிவிடம் முன்பே கேளுங்கள். ஆரை நிறுவ அனுமதித்துவிட்டு, பேக்கேஜ்களைத் தரவிறக்கும் முகவரியை மட்டும் நிறுவனத்தின் வலையமைப்பு தடுத்து வைப்பது அடிக்கடி நடக்கிறது. சொந்த வேலையை அலுவலகக் கணினியில் செய்வது உங்கள் பணி ஒப்பந்தத்துக்கு உகந்ததா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆவணங்களில் முதன்மையானது, தரவைப் பயன்படுத்த உரிமையாளர் எழுத்தில் தந்த அனுமதி. சங்கத்தின் கூட்டக் குறிப்பில் ஒரு தீர்மானமோ, செயலாளரின் ஒரு வரி மின்னஞ்சலோ போதும். வாய்ச்சொல் மட்டும் போதாது. நிர்வாகக் குழு மாறும்போது, யாரைக் கேட்டுக் கணக்கை வெளியிட்டீர்கள் என்ற கேள்வி நிச்சயம் எழும். அடுத்தது தரவு விளக்கத் தாள்: ஒவ்வொரு நெடுவரிசையின் பெயர், அலகு, யார் எப்போது நிரப்புகிறார், வெற்றிடம் என்றால் என்ன பொருள் ஆகியவற்றை அதில் குறித்துவிடுங்கள். மூன்றாவதாக, உங்கள் சொந்த மின்னஞ்சலிலிருந்து வேறான ஒரு பொது மின்னஞ்சல் முகவரி வேண்டும். எல்லாக் கணக்குகளையும் அதில் தொடங்குங்கள்.

ஆர் இலவசம், ஆர் நிரலை எழுதி ஓட்ட உதவும் ஆர்ஸ்டுடியோவின் மேசைக்கணினிப் பதிப்பும், குவார்ட்டோவும், ஷைனியும் இலவசம். கற்கும் கட்டத்தில் இணையக் கட்டணத்தைத் தவிர ஒரு ரூபாயும் செலவாக வேண்டியதில்லை. மாரத்தஹள்ளியிலும் பிடிஎம் லேஅவுட்டிலும் வரிசையாக இருக்கும் பயிற்சி மையங்களில் சேரும் எண்ணம் இருந்தால், பணம் கட்டும் முன் பாடத்திட்டத்தில் தரவைச் சுத்தம் செய்வதற்கும் சர்வரில் ஏற்றுவதற்கும் எத்தனை வகுப்புகள் என்று கேளுங்கள். பெரும்பாலும் அந்த இரண்டும்தான் இருக்காது. இயந்திரக் கற்றல் மட்டும் ஆறு வகுப்புகள் இருக்கும்.

3. நிறுவும் வரிசை

முதலில் ஆர், அதன் பின் ஆர்ஸ்டுடியோ. வரிசை மாறினால், ஓட்டுவதற்கு ஆர் எங்கே என்று ஆர்ஸ்டுடியோ கேட்டுக்கொண்டிருக்கும். ஆரை அதன் அதிகாரபூர்வக் களஞ்சியமான கிரானிலிருந்தே எடுங்கள். விண்டோஸில் 4.2 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பாக இருப்பது தமிழ் வாசகர்களுக்குக் கட்டாயம். 2022இல் வந்த அந்தப் பதிப்பிலிருந்துதான் விண்டோஸிலும் ஆர், எல்லா மொழி எழுத்துகளுக்குமான யூடிஎஃப்-8 குறியீட்டை இயல்பாகக் கையாள்கிறது. அதற்கு முந்தைய பதிப்புகளில் தமிழ் எழுத்துகள் கோண அடைப்புக்குள் குறியெண்களாகத் தெரியும். பழைய அலுவலகக் கணினியில் பழைய ஆர் இருந்தால், அதனோடு மல்லுக்கட்டாமல் புதியதை நிறுவுங்கள்.

விண்டோஸ் பயனர் பெயரில் தமிழ் எழுத்தோ இடைவெளியோ இருந்தால் சில பேக்கேஜ்கள் நிறுவும்போது தகராறு செய்யலாம். திட்டக் கோப்புறையை, மேகத்தோடு தானாக ஒத்திசைக்கப்படும் ஆவணக் கோப்புறைக்குள் வைக்காமல் தனியாக வையுங்கள். இல்லையென்றால் கோப்பு ஒத்திசைந்துகொண்டிருக்கும் நொடியில் ஆர் அதைத் தொடப்போய்ப் பிழை காட்டும். மேக் கணினியில் ஆப்பிள் சில்லுக்கும் இன்டெல் சில்லுக்கும் தனித்தனிக் கோப்புகள் உள்ளன. உபுண்டுவில் பேக்கேஜ்கள் மூல நிரலிலிருந்து தொகுக்கப்படுவதால் நிறுவல் வெகுநேரம் பிடிக்கும். ஆர்ஸ்டுடியோவை உருவாக்கும் பாசிட் நிறுவனத்தின் பொது பேக்கேஜ் மேலாளரில் முன்பே தொகுத்தவை இலவசமாகக் கிடைக்கின்றன.

நிறுவியதும் ஆர்ஸ்டுடியோவின் பொது அமைப்புகளில் ஒரு மாற்றத்தைச் செய்யுங்கள்: மூடும்போது நினைவகத்தைச் சேமிப்பதையும் திறக்கும்போது மீட்பதையும் நிறுத்திவிடுங்கள். இதைச் செய்யாவிட்டால், போன வாரம் உருவாக்கிய ஒரு மாறி நினைவகத்திலேயே தங்கியிருந்து, அதை உருவாக்கும் வரி நிரலில் இல்லாதபோதும் எல்லாம் சரியாக ஓடுவதாகக் காட்டும். சர்வரில் ஏற்றிய பிறகுதான் உடையும். கண்ட்ரோல், ஷிப்ட், எஃப்10 மூன்றையும் சேர்த்து அழுத்தினால் ஆர் புதிதாகத் தொடங்கும். ஒவ்வொரு நாள் வேலையின் முடிவிலும் அப்படித் தொடங்கி, நிரலை முதல் வரியிலிருந்து ஓட்டிப் பாருங்கள்.

தொடக்கத்துக்குத் தேவையான பேக்கேஜ்கள் சில மட்டுமே: கோப்பை வாசிக்க ரீட்ஆர், தரவை வடிகட்டித் தொகுக்க டிப்ளையர், தேதிக்கு லூப்ரிடேட், வரைபடத்துக்கு ஜிஜிபிளாட்2, தொட்டுப் பார்க்கும் வரைபடத்துக்குப் பிளாட்லி, அட்டவணைக்கு டிடி. நிறுவும் வேலை ஒரு மாலைப்பொழுதில் முடிந்துவிடும்.

4. தரவைச் சுத்தம் செய்தல்: காலத்தின் பெரும்பகுதி இங்கேதான்

வாரத்துக்கு ஐந்தாறு மணி நேரம் ஒதுக்க முடிந்தவர் முதல் டாஷ்போர்டுக்கு ஆறு வாரம் வைத்துக்கொள்ளலாம். அதில் மூன்று வாரம் இந்தப் படிக்கே போகும் என்று கணக்கிடுங்கள்.

முதல் கண்ணி தேதி. நாம் நாள், மாதம், ஆண்டு என்று எழுதுகிறோம். பெங்களூரு நிறுவனங்கள் தரும் மடிக்கணினிகளில் பல அமெரிக்க வட்டார அமைப்போடு வருகின்றன. அத்தகைய கணினியில் உள்ள எக்செல், 03/04/2024 என்பதை மார்ச் 4 என்று எடுத்துக்கொள்ளும்; 25/04/2024 என்பதை அப்படி எடுக்க முடியாததால் வெறும் எழுத்தாக விட்டுவிடும். இப்படி ஒரே நெடுவரிசையில் பாதி தவறான தேதியாகவும் பாதி எழுத்தாகவும் கலந்துபோகும், பிழைச் செய்தி எதுவும் வராது. ஆகவே, எக்செலில் திறந்து சேமிக்கப்பட்ட கோப்பை நம்பாமல் மூலப் பதிவிலிருந்தே எடுங்கள். எல்லாத் தேதிகளையும் எழுத்தாக வாசித்து, லூப்ரிடேட்டின் நாள்-மாதம்-ஆண்டு ஃபங்ஷனால் மாற்றுங்கள். தேதி இருக்க வேண்டிய இடத்தில் 45292 போன்ற எண் வந்தால் பதற வேண்டாம். அது எக்செலின் நாள் எண், இந்த எண் 2024 ஜனவரி 1ஐக் குறிக்கிறது. ஜானிட்டர் பேக்கேஜில் இதை மாற்றத் தனி ஃபங்ஷன் உண்டு.

இரண்டாவது கண்ணி எண். காவலாளி ஒரு நாள் 12000 என்றும், மறுநாள் 12,000 என்றும், அதற்கடுத்த நாள் 12 கேஎல் (கிலோலிட்டர்) என்றும் எழுதியிருப்பார். கமாவோடு உள்ள எண்ணை ஆரின் அடிப்படை ஃபங்ஷனால் மாற்றினால் விடை என்ஏ, அதாவது மதிப்பில்லை, என்று வரும். ரீட்ஆரின் எண் பிரித்தெடுக்கும் ஃபங்ஷன் கமாவை நீக்கிவிடும். ஆனால் 12 கேஎல் என்பதிலிருந்து 12ஐ மட்டும் எடுத்துவிடும், அது பன்னிரண்டு லிட்டராகிவிடும். எனவே மாற்றிய பின் மிகச் சிறிய மதிப்பையும் மிகப் பெரிய மதிப்பையும் கண்ணால் பாருங்கள். வருகிற வண்டிகள் 6,000, 8,000, 12,000 லிட்டர் அளவுகளில் மட்டும் இருந்தால், வேறு எந்த எண் வந்தாலும் நிரலே நின்றுபோகும்படி ஒரு சோதனையை எழுதிவிடலாம்.

மூன்றாவது கண்ணி மேலே சொன்ன என்ஏவிலிருந்தே முளைக்கிறது. ஒரு வரிசையில் என்ஏ இருந்தால் மொத்தக் கூட்டலும் என்ஏ ஆகிவிடும். இணையத்தில் தேடினால், என்ஏவை விலக்கிக் கூட்டும்படி ஒரு விருப்பத்தைச் சேர்க்கச் சொல்வார்கள். சேர்த்தால் எண் வந்துவிடும், ஆனால் அந்த டேங்கர்கள் கணக்கிலிருந்தே மறைந்துபோகும். எத்தனை வரிசைகள் விலக்கப்பட்டன என்பதை டாஷ்போர்டின் அடியில் காட்டாமல் அந்த விருப்பத்தைப் பயன்படுத்தாதீர்கள்.

பெயர்களும் தொல்லை தருபவைதான். ஒரே விற்பனையாளரைக் காவலாளி கன்னடத்திலும் செயலாளர் ஆங்கிலத்திலும் எழுதியிருப்பார். ஆங்கிலத்திலும் மூன்று எழுத்துக்கூட்டல்கள் இருக்கும். இவற்றைத் தானாகப் பொருத்த முயலாமல், பழைய பெயர், சரியான பெயர் என இரு நெடுவரிசைகள் கொண்ட சிறு கோப்பு ஒன்றைக் கையால் எழுதி, டிப்ளையரின் இடப்புற இணைப்பால் சேர்த்துக்கொள்ளுங்கள். இணைத்த பின் வரிசைகளின் எண்ணிக்கை கூடியிருந்தால், அந்தச் சிறு கோப்பில் ஒரே பெயர் இருமுறை வந்திருக்கிறது என்று பொருள்.

பதிவைக் கூகுள் ஷீட்டில் வைத்திருப்பவர்கள், அதை வாசிக்கும் பேக்கேஜிடம் ஒவ்வொரு நெடுவரிசையின் வகையையும் சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால், எண்ணும் எழுத்தும் கலந்த நெடுவரிசை பட்டியல் வகையாக வந்து, அடுத்த படியில் புரியாத பிழையைத் தரும். தமிழ் எழுத்துள்ள கோப்பை எக்செலிலிருந்து சேமிக்க நேர்ந்தால், சாதாரண சிஎஸ்வி என்பதைத் தேர்ந்தெடுக்காமல் யூடிஎஃப்-8 என்று குறிப்பிட்டிருக்கும் சிஎஸ்வியைத் தேர்ந்தெடுங்கள். மற்றதில் தமிழ் முழுவதும் கேள்விக்குறிகளாகிவிடும், அதை மீட்க வழியே இல்லை.

5. அசையாத வரைபடத்தை முதலில் முடியுங்கள்

ஜிஜிபிளாட்2இல் ஒரு வரைபடம் வரைந்து, அதைப் படமாகச் சேமித்துச் செயலாளருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். அவர் விளக்கம் கேட்காமல் புரிந்துகொண்டால் மட்டும் அடுத்த படிக்குச் செல்லுங்கள். அவருக்குப் புரியாத வரைபடத்தின் மேல் பொத்தான்களைச் சேர்த்தால் குழப்பம் கூடும்.

எண் வடிவம் பற்றி ஒரு குறிப்பு. கமா போடச் சொன்னால் ஆர் பெரிய எண்களை மூன்று மூன்று இலக்கமாகப் பிரிக்கும். நம்மவர்கள் 250,000 என்பதை ஒரு கணம் நின்றுதான் படிப்பார்கள். ஸ்கேல்ஸ் பேக்கேஜின் எண் லேபிள் ஃபங்ஷனில் எந்த அளவுக்கு மேல் எந்தச் சொல் என்று நாமே வரையறுக்க முடியும். 1,00,000க்கு மேல் லட்சம், 1,00,00,000க்கு மேல் கோடி என்று கொடுத்துவிட்டால் அச்சில் ‘2.5 லட்சம்’ என்றே தெரியும்.

6. குவார்ட்டோவில் டாஷ்போர்டாக மாற்றுதல்

குவார்ட்டோவின் 1.4ஆம் பதிப்பிலிருந்து டாஷ்போர்டு என்பது தனி வெளியீட்டு வடிவமாகவே இருக்கிறது. புதிய ஆர்ஸ்டுடியோவோடு குவார்ட்டோவும் சேர்ந்தே வரும். கோப்பின் தலைப்பகுதியில் வடிவம் டாஷ்போர்டு என்று குறித்து, தலைப்புகளால் வரிசைகளையும் நெடுவரிசைகளையும் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு நிரல் துண்டு எழுதினால் பக்கம் தயாராகிவிடும். மேலே மூன்று மதிப்புப் பெட்டிகள்: இந்த மாத லிட்டர், இந்த மாதச் செலவு, ஆயிரம் லிட்டரின் விலை. கீழே ஒரு வரைபடமும் ஓர் அட்டவணையும். முதல் டாஷ்போர்டில் இதற்கு மேல் வேண்டாம்.

தலைப்பகுதியில் உள்தள்ளலுக்கு இடைவெளி விசையையே பயன்படுத்த வேண்டும். டேப் விசையை அது ஏற்காது. அதைவிடப் பெரிய கண்ணி ஒன்று உண்டு. குவார்ட்டோ இயல்பாக எச்டிஎம்எல் கோப்போடு துணைக் கோப்புறை ஒன்றையும் உருவாக்குகிறது. எச்டிஎம்எல்லை மட்டும் யாருக்காவது அனுப்பினால் அவருக்கு வெறும் எழுத்துகள்தான் தெரியும். எல்லா வளங்களையும் ஒரே கோப்புக்குள் பொதிந்துவிடும் விருப்பத்தைத் தலைப்பகுதியில் சேர்த்தால் கோப்பு சற்றுப் பெரிதாகும், ஆனால் எங்கும் திறக்கும்.

பார்ப்பவர் விற்பனையாளரைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றால் கிராஸ்டாக் என்ற பேக்கேஜ் உதவும். சர்வர் இல்லாமலேயே ஒரு வடிகட்டி வரைபடத்தையும் அட்டவணையையும் ஒன்றாக மாற்றும். வரிசைகளைக் காட்டவும் மறைக்கவும்தான் அதற்குத் தெரியும். மறைத்த பின் மீதியைக் கூட்டிப் புதிய சராசரி சொல்லத் தெரியாது. அது கட்டாயம் வேண்டும் என்று முடிவானால்தான் ஷைனியின் பக்கம் திரும்ப வேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கையை அழுத்திச் சொல்ல வேண்டும். இவ்வகைப் பக்கத்துக்குள் அட்டவணைக்குக் கொடுத்த தரவு முழுவதும் பொதிந்திருக்கும். திரையில் மறைத்த நெடுவரிசையைக்கூட, பக்கத்தின் மூலத்தைத் திறக்கத் தெரிந்தவர் படித்துவிடலாம். குடியிருப்போரின் பெயர், வீட்டு எண், கைப்பேசி எண் ஆகியவற்றைக் கோப்பை வாசித்த அடுத்த வரியிலேயே நீக்கிவிடுங்கள். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருப்பதையும் மனத்தில் கொள்ளுங்கள்.

7. ஷைனி தேவையென்று முடிவானால்

ஷைனி நிரலில் இரண்டு பகுதிகள்: திரையில் என்ன தெரிய வேண்டும் என்பது ஒன்று, பின்னால் என்ன கணக்கு நடக்க வேண்டும் என்பது மற்றொன்று. எக்செலில் ஒரு செல்லை மாற்றினால் அதைச் சார்ந்த செல்கள் மட்டும் மாறுவதைப் போல, ஷைனியிலும் உள்ளீடு மாறினால் அதைச் சார்ந்த வெளியீடுகள் மட்டும் மீண்டும் கணக்கிடப்படுகின்றன. இந்தச் சார்பை உணரும் வரை எந்த அலங்காரத்தையும் தொடாதீர்கள். ஓர் உள்ளீடு, ஒரு வரைபடம் என்று தொடங்குங்கள்.

புதியவர்களை நிறுத்திவைக்கும் பிழைகள் சிலவே. திரைப் பகுதியில் இரு உறுப்புகளுக்கிடையே கமா விட்டுப்போதல். திரையில் வைத்த வெளியீட்டின் பெயரும் சர்வர் பகுதியில் எழுதிய பெயரும் ஓர் எழுத்து வேறுபடுதல். இதற்குப் பிழைச் செய்தியே வராது, வரைபட இடம் வெறுமையாக இருக்கும். ரியாக்டிவாக, அதாவது உள்ளீடு மாறினால் தானாக மாறும்படி, உருவாக்கியதை அழைக்கும்போது வெற்று அடைப்புக்குறிகளைப் போட மறத்தல். அப்போது ‘க்ளோஷர்’ என்ற சொல் இடம்பெறும் விளங்காத செய்தி ஒன்று வரும். உள்ளீட்டின் மதிப்பை ரியாக்டிவ் சூழலுக்கு வெளியே படித்தல். இந்த நான்கையும் ஒரு தாளில் எழுதிக் கணினிக்குப் பக்கத்தில் ஒட்டிவைத்தால் பல மாலைகள் மிச்சமாகும்.

வேகம் பற்றியும் சொல்ல வேண்டும். தரவுக் கோப்பை வாசிக்கும் வரியை வரைபடம் வரையும் ஃபங்ஷனுக்குள் எழுதினால், ஒவ்வொரு அழுத்தத்துக்கும் கோப்பு மீண்டும் வாசிக்கப்படும். அதைச் சர்வர் பகுதிக்கு வெளியே, நிரலின் தலைமாட்டில் வைத்தால் ஒரே ஒருமுறை வாசிக்கப்பட்டு எல்லாப் பயனர்களுக்கும் பொதுவாகும். இயங்கிக்கொண்டிருக்கும்போதே கோப்பு மாறும் என்றால், மாற்றத்தைக் கண்காணித்து வாசிக்கும் ஃபங்ஷன் ஷைனியிலேயே இருக்கிறது. ஓர் ஆர் செயலி ஒரு நேரத்தில் ஒரு வேலையைத்தான் செய்யும் என்பதால், ஒருவர் கேட்ட நீண்ட கணக்கு முடியும் வரை அதே செயலியில் உள்ள மற்றவர்கள் காத்திருப்பார்கள்.

8. தமிழ் எழுத்தும் வார்டு எல்லையும்

உங்கள் கணினியில் அழகாகத் தெரிந்த தமிழ்த் தலைப்பு, சர்வரில் ஏற்றியதும் வெற்றுக் கட்டங்களாக மாறும். சர்வரில் தமிழ் எழுத்துரு இல்லாததே காரணம். நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற இலவச எழுத்துருக் கோப்பைத் திட்டக் கோப்புறைக்குள்ளேயே வைத்து, சிஸ்டம்ஃபாண்ட்ஸ் பேக்கேஜால் பதிவு செய்து, படம் வரைய ராக் பேக்கேஜை நிறுவிக்கொள்ளுங்கள். எழுத்துரு மட்டும் இருந்தால் போதாது. கொம்பும் துணைக்காலும் உரிய இடத்தில் அமைய, எழுத்துகளைக் கோத்து அமைக்கும் வசதி வேண்டும், ராக் அதைச் செய்கிறது. கன்னடத் தலைப்புகளுக்கும் இதே விதி. பிளாட்லி போன்றவை பார்ப்பவரின் உலாவியில் வரையப்படுவதால் இந்தச் சிக்கல் அவற்றில் அரிது.

பெங்களூரு வார்டு வாரியாக நிலவரைபடம் போட விரும்புவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மாநகராட்சியின் வார்டுகள் நெடுநாள் 198ஆக இருந்து, மறுவரையறையில் 2022இல் 243ஆகவும், 2023இல் 225ஆகவும் மாற்றப்பட்டன. 2025இல் நகரமே ஐந்து மாநகராட்சிகளாகப் பிரிக்கப்பட்டுவிட்டது. ஒரே வார்டு எண் ஒவ்வொரு பட்டியலிலும் வெவ்வேறு இடத்தைக் குறிக்கும். ஓப்பன்சிட்டி தளத்திலோ டேட்டாமீட் குழுவின் களஞ்சியத்திலோ எல்லைக் கோப்பை எடுக்கும்போது, அது எந்த ஆண்டின் வரையறை என்று பார்த்து, உங்கள் தரவும் அதே வரையறையில் இருந்தால் மட்டுமே இணையுங்கள். எண்கள் பொருந்திவிடும் என்பதால் ஆர் எந்தப் பிழையும் சொல்லாது. நாடு தழுவிய நிலவரைபடம் என்றால், பேக்கேஜ்களோடு வரும் உலக எல்லைகள் இந்திய அரசு ஏற்கும் எல்லைகளிலிருந்து வடக்கே மாறுபடுகின்றன. அவற்றை அப்படியே வெளியிடுவது சட்டச் சிக்கலில் கொண்டுபோய் விடலாம்.

9. இணையத்தில் ஏற்றுதல்

குவார்ட்டோ பக்கத்துக்கு, கோப்புகளையும் அவற்றின் பழைய பதிப்புகளையும் களஞ்சியமாக வைத்திருக்கும் கிட்ஹப் தளத்தின் பேஜஸ் சேவை போதும். இலவசக் கணக்கில் களஞ்சியம் பொதுவானதாக இருக்க வேண்டும். தனிப்பட்ட களஞ்சியத்திலிருந்து வெளியிடக் கட்டணத் திட்டம் தேவை. கடவுச்சொல் உள்ள கோப்பை ஒருமுறை ஏற்றிவிட்டால், பின்னர் அழித்தாலும் பழைய பதிப்புகளில் அது அப்படியே இருக்கும்; அந்தக் கடவுச்சொல்லையே மாற்றுவதுதான் வழி. பக்கம் தானாகப் புதுப்பிக்கப்பட கிட்ஹப் ஆக்‌ஷன்ஸில் நேரம் குறிக்கலாம். அங்கே இயல்பான நேரம் உலகப் பொது நேரம் என்பதால், நம் காலை 6 மணிக்கு ஓட வேண்டுமென்றால் 0:30 என்று கொடுக்க வேண்டும். பொதுக் களஞ்சியத்தில் 60 நாள் எந்த மாற்றமும் இல்லாவிட்டால் இந்த நேர ஓட்டம் நிறுத்தப்பட்டுவிடும்.

ஷைனிக்கு நீண்ட நாளாகப் புதியவர்கள் பயன்படுத்திவரும் இடம் ஷைனிஆப்ஸ். அதன் இலவசத் திட்டம் ஐந்து செயலிகளையும் மாதத்துக்கு 25 இயங்கு மணிகளையும் தந்துவந்தது. பாசிட் நிறுவனத்தின் புதிய சேவையான கனெக்ட் கிளவுட், பொது கிட்ஹப் களஞ்சியத்திலிருந்து இலவசமாக வெளியிட உதவுகிறது. இத்தகைய வரம்புகள் மாறுபவை என்பதால், ஏற்றும் நாளன்று விலைப் பக்கத்தைத் திறந்து பார்த்துவிடுங்கள். இலவசத் திட்டங்களில் கடவுச்சொல் பூட்டு இல்லை. முகவரி தெரிந்த எவரும் பார்க்கலாம். பயன்பாடில்லாதபோது செயலி உறங்கிவிடும், முதலில் திறப்பவர் சிறிது காத்திருக்க வேண்டும். செயலிக்குள் படிவம் வைத்து அதை அங்கேயே கோப்பாகச் சேமித்தால், செயலி மறுதொடக்கம் ஆகும்போது அந்தக் கோப்பு போய்விடும். பதிவுகளை வெளியே, கூகுள் ஷீட்டிலோ தரவுத்தளத்திலோ எழுதுங்கள்.

ஏற்றும்போது உடையும் காரணங்கள் பெரும்பாலும் மூன்று. ஒன்று, கோப்பின் பாதையை உங்கள் கணினியின் டிரைவ் எழுத்திலிருந்து எழுதியிருத்தல். திட்டக் கோப்புறையிலிருந்து தொடங்கும் சார்புப் பாதையே வேண்டும். இரண்டு, கோப்புப் பெயரில் ஆங்கிலப் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் மாறியிருத்தல். விண்டோஸ் பொருட்படுத்தாது, சர்வரில் உள்ள லினக்ஸ் பொருட்படுத்தும். மூன்று, பேக்கேஜை நிறுவும் கட்டளையைச் செயலிக்குள்ளேயே எழுதி வைத்தல். இவற்றையெல்லாம் கடந்தும் ஒரு நுண்ணிய சிக்கல் காத்திருக்கும்: சர்வரின் கடிகாரம் உலகப் பொது நேரத்தில் இருப்பதால், நள்ளிரவிலிருந்து காலை 5:30 வரை ‘இன்று’ என்று ஆர் சொல்வது நமக்கு நேற்று. அதிகாலையில் வரும் டேங்கர் பதிவுகள் அந்த நேரத்தில் ‘இன்றைய வரவு’ பெட்டியில் தெரியாது. தேதி கேட்கும் இடத்தில் நேர மண்டலத்தை ஆசியா/கொல்கத்தா என்று குறிப்பிடுங்கள்.

சொந்தச் சர்வர் எடுப்பது கடைசி வழி. உபுண்டுவில் ஷைனி சர்வரின் திறமூலப் பதிப்பை இலவசமாக நிறுவலாம். அது இயல்பாக 3838 என்ற போர்ட்டில் ஓடும். நினைவகம் 1 ஜிபி மட்டுமே உள்ள மலிவான சர்வரில் பேக்கேஜ்களைத் தொகுக்கும்போது பாதியில் நின்றுபோகும். முன்பே தொகுத்தவற்றைப் பயன்படுத்துங்கள். வெளிநாட்டு நிறுவனத்துக்கு டாலரில் கட்டணம் செலுத்துவதென்றால், உங்கள் கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை வசதியை வங்கியின் செயலியில் நீங்களே இயக்கியிருக்க வேண்டும். மாதாந்திரத் தானியங்கிப் பிடித்தம் சில கார்டுகளில் மறுக்கப்படுகிறது. மறுக்கப்பட்டதை யாரும் கவனிக்காமல் இருந்தால் டாஷ்போர்டு ஒருநாள் சொல்லாமல் நின்றுபோகும்.

10. ஒப்படைக்கும் கோப்புறை

ரென்வ் பேக்கேஜைக் கொண்டு, பயன்படுத்திய எல்லா பேக்கேஜ்களின் பதிப்பு எண்களையும் பூட்டுக் கோப்பாக எழுதி வையுங்கள். ஓராண்டுக்குப் பின் வேறொரு கணினியில் அதே நிலையை மீட்க அது வேண்டும். அதோடு தரவு விளக்கத் தாள், பெயர் திருத்தும் கோப்பு, அனுமதி மின்னஞ்சலின் நகல், கட்டணம் இருந்தால் அது எந்தத் தேதியில் யார் கார்டிலிருந்து போகிறது என்ற குறிப்பு ஆகியவற்றையும் ஒரே கோப்புறையில் சேருங்கள். கிட்ஹப், ஷைனி கணக்குகள் சங்கத்தின் பொது மின்னஞ்சலில் இருந்தாலும், இரு படி உறுதிப்படுத்தலுக்கான கைப்பேசி எண் பெரும்பாலும் உங்களுடையதாகவே இருக்கும். வீடு மாறும் முன் அந்த எண்ணை மாற்றி, மீட்புக் குறியீடுகளை அச்சிட்டுச் சங்க அலுவலகக் கோப்பில் வைத்துவிடுங்கள்.